பின் டயர் உரசிய இடம்

போர்ஷே 911-இன் சாதாரண வகையையும் 1973-ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் 2.7 வகையையும் அருகருகே நிறுத்திப் பின்னாலிருந்து பார்த்தால், அகலத்தில் வித்தியாசம் 42 மில்லிமீட்டர்தான். பக்கத்துக்கு 21, ஓர் ஆளின் கட்டைவிரல் அகலம். அந்தக் கட்டைவிரல் அகலத்தைத்தான் ரசிகர்கள் காரின் இடுப்பு என்று கொண்டாடுகிறார்கள்; சிற்பி செதுக்கிய வளைவு என்று வர்ணிக்கிறார்கள். அந்த வளைவைக் கொண்டுவந்தவர்கள் முன்னால் இருந்தது வேறு கணக்கு. 1964-இல் உற்பத்திக்கு வந்த 911-க்குப் போட்டது நாலரை அங்குல ரிம், 165 டயர். ஆர்எஸ் வகைக்குப் பின்னால் 7 அங்குல ரிம்மும் 215 டயரும் வேண்டியிருந்தன. பழைய தகட்டுக்குள் அது அடங்காது, அடக்கினால் உரசும். ஆக, இடுப்பு என்று புகழப்படுவது டயர் உரசலுக்குச் செய்த வைத்தியம். வேகக் கார்களின் பின்பக்கம் கடந்த எண்பது ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறியது என்று பார்த்தால் இந்த ஒரே வைத்தியம் பல வேடங்களில் வருவது தெரியும். எந்த ஊரில் எந்த வேடம் என்பதை உலோகமோ டிசைனரின் பென்சிலோ தீர்மானித்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலும் விதிப்புத்தகம் தீர்மானித்தது. டயரும் தகடும் மோதும்போது எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் கேள்வியாகவே இருந்திருக்கிறது. அழகு அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் உரசும் இடத்தைக் கிட்டப்போய்ப் பார்த்துவிடலாம். நம் டிங்கர் பட்டறைகளில் இன்னமும் மட்கார்டு என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் ஒரு பழைய உண்மை தங்கியிருக்கிறது: சேறு தெறிக்காமல் காப்பதற்கு மேல் அந்தத் தகட்டுக்கு வேலை எதுவும் கிடையாது. இன்றைய காரின் பின் மட்கார்டு தனித் தகடு அல்ல. வெளியே தெரியும் பக்கத் தகடு ஒன்று, டயரை உள்ளிருந்து கவிழ்ந்து மூடும் கிண்ணம் போன்ற உட்தகடு ஒன்று. இரண்டும் சக்கர வளைவின் ஓரத்தில் சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்தில் இரண்டையும் உள்நோக்கி மடித்து, வரிசையாக ஸ்பாட் வெல்டிங் வைத்துச் சேர்த்திருப்பார்கள். அந்த மடிப்பு ஒரு விரல் அகலத்துக்கு டயர் இருக்கும் பக்கமாகப் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும். கார் பள்ளத்தில் இறங்கும்போதோ, பின் இருக்கையில் மூன்று பேர் ஏறும்போதோ, வேகமாகத் திரும்பும்போதோ பின்பக்கம் அமுங்குகிறது. டயரின் தோள் மேலெழுந்து முதலில் தொடுவது இந்த மடிப்பைத்தான். தகட்டின் முகம் இன்னும் தள்ளி இருக்கிறது. உள்ளுக்குள் நீட்டிய ஓரம்தான் கத்திபோல ரப்பரைச் சீவுகிறது. அதாவது தொழிற்சாலை தன் வசதிக்காக விட்டுவைத்த தையல் ஓரம்தான் வாங்கியவரின் டயரைத் தின்கிறது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதை முழுவதும் எளிதில் பிடிபடும்.

தையல் ஓரம் இல்லாத காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பெரும்பாலான கார்களில் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டிய தனி உறுப்பு. கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் 1932 ஃபோர்டுகளை ஓட்டிப் பந்தயம் வைத்த இளைஞர்களுக்கு உரசல் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. போல்ட்டைக் கழற்றி மட்கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் தெற்குக் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் உருவானபோதும் மட்கார்டு இல்லாத கார் அங்கே சாதாரணக் காட்சி. ஏரிப் படுகையில் சேறு யார் மேல் தெறிக்கப்போகிறது? காரின் உடம்பும் சட்டகமும் ஒன்றாகிப்போன பிறகு இந்தச் சுதந்திரம் போய்விட்டது. லான்சியா லாம்ப்டா 1922-லேயே வழிகாட்டியது; 1934-இல் சிட்ரோயன் அதைப் பெருமளவில் செய்துகாட்டியது; 1960-இல் கிரைஸ்லர் தன் பெரும்பாலான கார்களை இந்த முறைக்கு மாற்றியது. அதன் பிறகு பின் மட்கார்டு என்பது காரின் எலும்போடு சேர்ந்த சதை. கழற்ற முடியாது. வெட்டலாம், மடிக்கலாம், அடித்து வெளியே தள்ளலாம். இல்லையென்றால் டயரை உள்ளே தள்ளலாம். வழிகள் இவ்வளவுதான். எதை யார் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்பதுதான் சுவாரசியம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எல்லாவற்றுக்கும் காரணம் டயர் நிறுவனங்கள்தானே, 1960-களில் அவை அகல டயர்களைச் செய்துகொண்டே போயின, கார்கள் பின்னால் ஓடின, இதில் விதிப்புத்தகம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அகல டயர் இல்லாமல் சண்டையே இல்லை என்பது சரி. ஆனால் சண்டை எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. அது எப்படித் தீர்ந்தது என்பது வேறு கேள்வி. ஒரே பத்தாண்டில், ஏறக்குறைய ஒரே அளவுக்கு டயர்கள் அகன்றபோது, அமெரிக்கர்கள் டயரை உள்ளே கொண்டுபோனார்கள். ஐரோப்பியர்கள் தகட்டை வெளியே கொண்டுவந்தார்கள். ஜப்பானிய மெக்கானிக்குகள் பெரும்பாலும் இரண்டையும் தொடாமல் ஓரத்தை மடிக்கும் வேலையைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். டயர் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் மூன்று இடங்களிலும் ஒரே மாதிரிக் கார் வந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வழியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆட்டம் நேர்கோட்டு ஓட்டம்: கால் மைல், நின்ற இடத்திலிருந்து. 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தொடங்கி இந்த விளையாட்டை வகுப்பு வகுப்பாகப் பிரித்து விதி எழுதியது. நேர்கோட்டில் ஓடும் காருக்குப் பின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதால் பெரிய லாபம் இல்லை. தரையைப் பிடிக்கும் ரப்பரின் அகலம் மட்டுமே கணக்கு. ஆரம்பத்தில் செய்த வேலை முரட்டுத்தனமானது. வழவழப்பான பந்தய டயர் ஏறுவதற்காகப் பின் வளைவை வட்டமாக வெட்டி எறிந்தார்கள். 1955 முதல் 1957 வரையிலான ஷெவர்லேக்களில் இப்படி வெட்டுப்பட்டவை எத்தனையோ. இது தனியார் பட்டறைகளின் கைவேலையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1968-இல் கிரைஸ்லரே ஹெமி எஞ்சின் வைத்த டாட்ஜ் டார்ட்டுகளைப் பந்தயத்துக்கென்று ஹர்ஸ்ட் நிறுவனத்தின் மூலம் தயாரித்தபோது, அவற்றின் பின் வளைவுகள் பந்தய டயருக்காக வெட்டிப் பெரிதாக்கப்பட்டே வந்தன. பொதுச் சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யப்படாதது என்ற அறிவிப்பும் அந்தக் காரில் ஒட்டியிருந்தது. சாலையில் போகாத காரின் மட்கார்டை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் அல்லவா?

பிறகு 1970-இல் புரோ ஸ்டாக் என்ற வகுப்பு வந்தது. கார் பார்வைக்குக் கடையில் விற்கும் கார் போலவே இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வெளித் தகட்டில் கைவைக்க முடியாதபோது மிச்சமிருப்பது உட்பக்கம். பின் ஆக்சிலின் உறையை இருபுறமும் அறுத்துக் குட்டையாக்கி மறுபடி பற்றவைத்தார்கள். 1957-இல் ஃபோர்டு கொண்டுவந்த 9 அங்குல ஆக்சில் இதற்கு மிகவும் தோதானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது. கிண்ணம் போன்ற உட்தகட்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் பெரிய தொட்டிபோன்ற தகடு வைத்தார்கள். பின் இருக்கை போயிற்று, டிக்கியில் பாதி போயிற்று. வெளியே இருந்து பார்த்தால் கார் அப்படியே இருக்கும். பின்னால் குனிந்து பார்த்தால்தான் இரண்டு பீப்பாய்களைப் போல டயர்கள் உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். 1980-களில் இந்தத் தோற்றமே மோகமாகி, பந்தயத்துக்கே போகாத சாலைக் கார்கள் பலவும் பின் இருக்கையைப் பலிகொடுத்துத் தொட்டி வைத்துக்கொண்டன. விதியின் நிர்ப்பந்தம் ரசனையாக மாறியதற்கு இது முதல் சாட்சி.

ஐரோப்பாவின் ஆட்டம் வளைவுகள் நிறைந்த பாதையில். அங்கே சக்கரங்கள் தள்ளி இருந்தால் கார் குறைவாகச் சாயும், வேகமாகத் திரும்பும். டயரை உள்ளே தள்ளுவது கையிலிருக்கும் லாபத்தைத் தூக்கி எறிவதற்குச் சமம். எனவே வெளியே போயாக வேண்டும். ஆனால் டயரின் மேற்பகுதியைக் காரின் உடம்பு மூடியிருக்க வேண்டும் என்று சர்வதேச விதிகள் சொல்லின. மூடியாக வேண்டும், ஆனால் அகலப்படுத்த இடம் உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் பிறந்தவைதான் 1970 வாக்கில் ஐரோப்பியப் பந்தயக் கார்களில் முளைத்த புடைப்புகள். ஆல்ஃபா ரோமியோவின் ஜிடிஏஎம் காரில் பிளாஸ்டிக் வளைவுகளை ரிவெட் அடித்து ஒட்டினார்கள். காட்டுப் பாதைகளில் ஓடிய ஃபோர்டு எஸ்கார்ட்டுகளில் தகட்டையே குமிழிபோல வளைத்துப் பற்றவைத்தார்கள். அந்த வளைவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரும் குமிழி வளைவுதான். பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் காரின் சாலை வகையில் சக்கர வளைவின் மேல் குரோம் பூசிய மெல்லிய பட்டை ஒன்று ஓடும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். அகல ரிம்மின் ஓரத்தை மூடக் கொடுத்த சில மில்லிமீட்டர் அது. 1973-இல் வந்த 2002 டர்போவில் ஒளிவுமறைவே இல்லை. பிளாஸ்டிக் வளைவுகளும் அவற்றை இறுக்கிய திருகுகளும் எல்லாரும் பார்க்கும்படி இருந்தன. அந்தக் கார் 1,672 மட்டுமே செய்யப்பட்டது.

கரேரா ஆர்எஸ் இந்த வரிசையில் வருவதுதான். சர்வதேசப் பந்தய விதிகளின் நான்காம் பிரிவில் ஓடுவதற்கு 500 கார்களாவது செய்து விற்றாக வேண்டும் என்பது நிபந்தனை. போர்ஷே நிறுவனம் அந்த எண்ணிக்கையை விற்கவே திணற வேண்டிவருமோ என்று எண்ணித் தொடங்கி, கடைசியில் ஏறக்குறைய 1,580 கார்கள் செய்தது. சாலைக் காரில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதுவே பந்தயக் காரின் அடித்தளம். ஆகவே பந்தயத்தில் வேண்டிய அகலத்துக்கு முதல் தவணையைச் சாலைக் காரிலேயே கட்டியாக வேண்டும். அந்தத் தவணைதான் 42 மில்லிமீட்டர். பந்தய வடிவமான ஆர்எஸ்ஆர் அதற்கும் மேல் அகன்றது. 1976-இன் ஐந்தாம் பிரிவு விதிகள் கூரை, கதவு, பானெட் போன்றவற்றை விட்டுவைத்து மட்கார்டுகளை ஏறக்குறையச் சுதந்திரமாக விட்டபோது, போர்ஷே 935 ஒரு மெலிந்த காரைச் சுற்றிக் கட்டிய அகன்ற பெட்டியாக மாறியது. விதி எவ்வளவு விட்டதோ அவ்வளவு வீங்கியது.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று 1982-இல் நடைமுறைக்கு வந்த ‘ஏ’ பிரிவு. விதி எழுதியவர்கள் இம்முறை இறுக்கிப் பிடித்தார்கள்: பன்னிரண்டு மாதத்துக்குள் 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும், பந்தயக் காரின் வெளித் தகடு சாலைக் காரின் தகடாகவே இருக்க வேண்டும். ரிவெட் அடித்து ஒட்டும் காலம் முடிந்தது. இனி அகலம் வேண்டுமென்றால் அதைத் தொழிற்சாலை அச்சிலேயே வார்த்து ஐயாயிரம் பேருக்கு விற்க வேண்டும். பிஎம்டபிள்யூ அதைத்தான் செய்தது. 1986-இல் உற்பத்தியான முதல் எம்3 காரில் பானெட், கூரை, கதவுகள் போன்றவை மட்டுமே சாதாரண 3 வரிசையிலிருந்து வந்தவை. பெட்டிபோல் புடைத்த மட்கார்டுகள் புதிதாக அடித்தவை. லான்சியாவின் கதை இன்னும் தெளிவானது. ராலிப் பந்தயங்களில் அதுவரை ஓடிய ‘பி’ பிரிவு 1986-உடன் தடைசெய்யப்பட்டதும் அவசரமாகக் களமிறங்கிய டெல்டா ஹெச்எஃப் 4டபிள்யூடி, குடும்பக் காரின் ஒடுங்கிய வளைவுகளுடனேயே இருந்தது. 1987 மான்டே கார்லோ ராலியை அது வென்றது என்றாலும் வளைவுக்குள் அகல டயருக்கு இடமில்லை. பெரிய பிரேக்குக்கும் இடமில்லை. வெட்டி ஒட்ட விதி விடவில்லை. ஆகவே அதே ஆண்டின் இறுதியில், வளைவுகள் புடைத்த இன்டெக்ராலே என்ற புதுக் காரையே லான்சியா விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991-இல் எவல்யூசியோனே வகை மேலும் அகன்றது. 1987 முதல் 1992 வரை ஆறு முறை தொடர்ச்சியாக உலகத் தயாரிப்பாளர் பட்டம். இன்டெக்ராலேயின் முறுக்கிய தோள்களைப் பார்த்து மயங்காத இத்தாலியர் குறைவு. விதி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அந்தத் தோள்கள் பிளாஸ்டிக்கில் வந்திருக்கும், திருகோடு.

டிசைனர்களின் பக்கம் நின்று ஒருவர் மறுக்கலாம். பந்தய விதிக்கு வெகுகாலம் முன்பே கார்களின் பின் தோள் புடைத்திருந்தது. 1961-இன் ஜாகுவார் ஈ-டைப்பை விடவா வளைவான இடுப்பு வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி, இதில் பாதி உண்மையும் உண்டு. மால்கம் சேயர் வரைந்த அந்த உடம்பின் அழகு எந்தப் பந்தய விதிக்கும் கடன்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை இன்னொருமுறை உற்றுப் பாருங்கள். இடுப்பு வெளியே புடைத்திருக்கிறது. சக்கரம் எங்கோ உள்ளே ஒடுங்கி நிற்கிறது. பெரிய சட்டை போட்ட ஒல்லியான ஆள்போல. அந்தப் புடைப்பு டயருக்காகப் பிறந்தது இல்லை, டயரைத் தாங்கவும் இல்லை. 1971-இல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு மூன்றாம் வரிசை ஈ-டைப் வந்தபோது டயர் அகன்றது. சிற்பியின் இடுப்பு போதவில்லை. அதன் கீழ் ஓரத்தில் தனியாக ஓர் உதடு விரிக்க வேண்டியிருந்தது. சிற்பம் வேறு, உரசலுக்கான வைத்தியம் வேறு என்பதை ஒரே காரில் பத்தாண்டு இடைவெளியில் பார்க்கலாம்.

ஜப்பானுக்கு வருவோம். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் 1969-ஆம் ஆண்டு நான்கு கதவு வகையில், பக்கவாட்டில் அலைபோல ஓடி பின் சக்கரத்தின் மேல் விழும் மடிப்புக் கோட்டைத் தொழிற்சாலையே வெட்டி வளைவைத் திறந்தது. 1970 அக்டோபரில் வந்த இரண்டு கதவு வகைக்கு, வெட்டிய இடத்தின் மேல் கறுப்பு வளைவுகளை ஒட்டிக் கொடுத்தார்கள். 1971-இன் ஃபேர்லேடி 240 இசட்ஜி, 1972-இன் கொரோலா லெவின் எல்லாம் அந்த வழிக்கே வந்தன. ஓவர்ஃபெண்டர் என்பது ஜப்பானியத் தெருமொழியில் ஒரு மந்திரச் சொல்லாகியது. ஆனால் தொழிற்சாலை ஒட்டிக் கொடுத்தது வேறு, வாங்கியவர் தானாக ஒட்டிக்கொண்டது வேறு. அங்கே குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு காரும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். பதிவான அகலத்திலிருந்து 20 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால், காரின் அமைப்பே மாறிவிட்டதாகக் கருதி மறுபதிவுச் சோதனை. பக்கத்துக்குப் பத்து மில்லிமீட்டர்! டயர் உரசுகிறது என்பதற்காக யார் இந்த அலைச்சலைப் படுவார்கள்?

அங்கேதான் ஓரத்தை மடிக்கும் கலை செழித்தது. ஜப்பானிய மெக்கானிக்குகள் அந்த வேலையை ட்ஸுமே-ஓரி என்பார்கள். நகம் மடித்தல் என்று பொருள். படுக்கையாக நீட்டியிருக்கும் அந்த விரல் அகல மடிப்பு அவர்கள் கண்ணுக்கு நகமாகத் தெரிகிறது, அது சரியான பெயர்தான், கீறுவது அதுதானே. இன்னும் இடம் வேண்டுமென்றால் தகட்டையே உள்ளிருந்து அடித்து வெளியே எடுப்பார்கள். அதற்கும் தனிப் பெயர் இருக்கிறது. நகம் மடிப்பது பட்டறைக்காரர் தன் இஷ்டப்படி செய்யும் வேலை, இதில் எந்த விதியும் இல்லையே என்று தோன்றும். உண்மை நேர் எதிர். நகத்தை மடித்தால் காரின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. அளவு நாடாவுக்குத் தெரியாது, பதிவுப் புத்தகத்துக்கும் தெரியாது. விதியின் கண்ணுக்குப் படாத ஒரே இடம் அது என்பதால்தான் எல்லாக் கைகளும் அங்கே போயின.

வேலை எளிதாகத் தோன்றும், எளிது அல்ல. காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, வெறும் ஹப்பில் ஒரு கருவியை போல்ட் போட்டு மாட்டுவார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கை, அதன் நுனியில் கெட்டியான உருளை. ஹீட் கன்னால் பெயின்ட்டைக் கைவைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சூடு குறைந்தால் பெயின்ட் வெடிக்கும், கூடினால் கொப்பளிக்கும். உருளையை ஓரத்தில் பதித்து, வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். முதலில் பாதிச் சாய்வு, பிறகு இன்னும் கொஞ்சம், கடைசியில் ஓரம் உட்தகட்டோடு படிந்துபோகும்வரை. அவசரப்பட்டால் வெளித் தகட்டில் அலை விழும். அந்த அலையைப் பட்டி வைத்து மறைத்தால் வெயிலில் தெரிந்துவிடும். நான்கு கதவுக் காரில் பின் கதவின் ஓரம் வளைவின் முன் முனைவரை வரும், அங்கே கைவைத்தால் கதவு இடிக்கும். பின் முனையில் பம்பரின் திருகுக்காது இருக்கும். மடித்து முடித்ததும் விரிசல் விட்ட சீலன்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் இறங்கினால் உரசலை விடத் துரு கொடுமையானது. இந்தக் கருவி எல்லாப் பட்டறைக்கும் வருவதற்கு முன்னர் அமெரிக்கர்கள் பேஸ்பால் மட்டையை டயருக்கும் ஓரத்துக்கும் இடையில் செருகி, காரை மெதுவாகத் தள்ளி, மட்டை உருளும்போது ஓரம் மடங்கும்படி செய்தார்கள். பல கார்களின் பின் தோளில் இன்றும் தெரியும் மெல்லிய மேடுபள்ளம் அந்த மட்டை போட்ட கையெழுத்து.

இவ்வளவும் தகட்டைப் பற்றியே பேசுகிறதே, பல சமயம் தகட்டில் குற்றமே இல்லையே என்று அனுபவமுள்ள மெக்கானிக் குறுக்கிடுவார். அவர் சொல்வதும் சரி. ஒரு பக்கம் மட்டும் உரசும் காரில் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சில் நடுவில் இருக்கிறதா என்று. 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்கில் பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது பான்ஹார்ட் தண்டு என்ற ஒற்றைக் கம்பி. ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை உடம்பில். பிரெஞ்சுக்காரர்களின் பான்ஹார்ட் நிறுவனத்தின் பெயரை இன்னமும் சுமக்கும் உறுப்பு. கம்பியின் முனை மேலும் கீழும் போகும்போது வட்டத்தின் வில்லில்தான் போக முடியும். அதனால் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினால் ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கம் ஐந்து குறையும், மறுபக்கம் ஐந்து கூடும், ஆக இடைவெளியில் வித்தியாசம் பத்து. நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் கம்பி மாட்டினால் தீர்ந்தது. நகத்தைத் தொட வேண்டியதே இல்லை. வில்லையே ஏறக்குறைய நேர்கோடாக்கும் வழி அதைவிடப் பழையது. நீராவி எஞ்சினுக்காக ஜேம்ஸ் வாட் 1784-இல் காப்புரிமை பெற்ற மூன்று கம்பி அமைப்புதான் அது. தன் கண்டுபிடிப்புகளிலேயே அதைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை அதிகம். 1978-இன் முதல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 அதைப் பின் ஆக்சிலில் வைத்துக்கொண்டது. இந்தக் கிளைக்கதை என் வாதத்துக்கு வெளியே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆக்சிலை நடுவில் நிறுத்துவது வடிவியல். அதற்கு விதிப்புத்தகம் தேவையில்லை. ஆனால் நடுவில் நின்ற ஆக்சிலுக்கும் டயர் போதாதபோது கேள்வி மறுபடியும் தகட்டுக்கே திரும்பிவிடுகிறது.

வீண் ஆடம்பரத்துக்குத்தானே இன்று பெரும்பாலோர் அகல டயர் போடுகிறார்கள், பந்தய விதிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும். பந்தயத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பந்தயம் விட்டுச்சென்ற உருவத்தோடுதான் சம்பந்தம். ஜப்பானின் சிபாவில் அகிரா நகாய் பழைய போர்ஷேக்களின் மட்கார்டைத் தன் கையாலேயே அறுத்து அகன்ற வளைவுகளைப் பொருத்துவதைப் பார்க்க உலகெங்கும் கூட்டம் கூடுகிறது. லிபர்ட்டி வாக் நிறுவனம் ஃபெராரி, லம்போர்கினி கார்களின் தகட்டில் துளையிட்டு வளைவுகளை ஒட்டும்போது திருகுகளை மறைப்பதில்லை. 1973-இல் 2002 டர்போவின் திருகு தெரிந்ததற்குக் காரணம் அவசரமும் சிக்கனமும். இன்று அதே திருகு நகைபோல வெளியே நிற்கிறது. பழைய சேலையின் கிழிசலை மறைக்கப் போட்ட பூ வேலைப்பாட்டைப் புதுச் சேலையில் வேண்டுமென்றே நெய்வதற்கு ஒப்பானது இது. குறை சொல்ல மாட்டேன். காரணம் மறந்துபோன வைத்தியங்கள் அலங்காரமாவது கார்களுக்கு மட்டுமே நேர்ந்தது இல்லை.

சாலைச் சட்டமோ அன்றும் இன்றும் சேற்றைப் பற்றியே கவலைப்படுகிறது. 1978-இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த மட்கார்டு நெறிமுறை, சக்கரத்தின் மையத்திலிருந்து முன்னோக்கி 30 பாகை, பின்னோக்கி 50 பாகை வரையிலான பகுதியில் உடம்பு டயரின் அகலத்தை மூடியிருக்க வேண்டும் என்றது. ஜப்பானும் அதே 30, 50 என்ற கணக்கைப் பின்பற்றுகிறது. பல்லாண்டுக் காலம் அந்தப் பகுதியில் டயர் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே தெரியக் கூடாது என்றிருந்தது. 2017 ஜூனில் அதைத் திருத்தினார்கள். இப்போது பயணிகள் காரில் டயரின் ரப்பர் மட்டும் 10 மில்லிமீட்டருக்குள் வெளியே தெரியலாம். ரிம் தெரியக் கூடாது.